வாசலில் கேட்கப்படும் சீட்டு

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். இலக்கிய வரலாற்று நூல்கள் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்றொரு பட்டத்தைக் கொடுத்து, அவரை ஒரு பத்தியோடு அனுப்பிவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் சில பாடல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவையும் இயேசு பாடுபடும் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. யாத்திரிகன் நடக்கும் பகுதியிலிருந்து அல்ல. தலைப்பிலேயே யாத்திரிகனை வைத்திருக்கும் ஒரு காப்பியத்தில் யாத்திரையை வாசித்தவர்கள் குறைவு.

நான் அதைத் தேடி வாசிக்கக் காரணம் இங்கே ரொறன்ரோவில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் சிலர் ஸ்பெயினின் கமினோ பாதையை நடந்துவிட்டு வருகிறார்கள். சிலர் தனியாகப் போகிறார்கள், சிலர் தங்கள் சபையின் மிஷன் குழுவோடு போகிறார்கள். திரும்பி வந்ததும் அந்த அனுபவத்தைச் சொல்ல அவர்களுக்குச் சொற்கள் தயாராக இருக்கின்றன: தேடல், மௌனம், சுமையை இறக்கி வைத்தல், தன்னைக் கண்டடைதல். ஆங்கிலத்தில் அந்தப் பாதையைப் பற்றி அடுக்கடுக்காக நூல்கள் உண்டு. பாவ்லோ கொயிலோவின் ‘தி பில்கிரிமேஜ்’ (1987) அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் அதே பிள்ளைகளின் பெற்றோர் நடந்த நடைகளுக்கு அந்தச் சொற்கள் பொருந்துவதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் எவரும் தம்மைக் கண்டடைவதற்காகப் புறப்படவில்லை. இந்த இரண்டு நடைகளையும் ஒரே மொழிக்குள் கொண்டுவரக்கூடிய நூல் தமிழில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. தலைப்பின்படி பார்த்தால் முதலில் விசாரிக்க வேண்டியவர் கிருஷ்ணபிள்ளைதான்.

*

அவருக்கு மூலம் ஜோன் பனியனின் ‘தி பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ (1678). தமிழில் ‘மோட்ச பிரயாணம்’ என்ற பெயரில் உரைநடையாகவும் அது நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. கதை எளிமையானது. அழிவின் நகரத்தில் வாழும் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு நிற்கிறான். நகரம் எரியப்போகிறது என்று அவனுக்குத் தெரியவருகிறது. மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட, அவன் காதுகளில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுகிறான். சேற்றுக் குளம், குறுகிய வாசல், செங்குத்தான மலை, அவமானப் பள்ளத்தாக்கு, வீண்பகட்டுச் சந்தை, கடைசியில் பாலமில்லாத ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் வானகரம்.

இதைத் தமிழாக்கும்போது கிருஷ்ணபிள்ளை செய்த முக்கியமான காரியங்கள் இரண்டு. முதலாவது, கம்பனின் நடையை எடுத்துக்கொண்டது. திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில், 1827இல், வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். கம்பனில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்தில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். மதம் மாறிய பிறகும் கம்பனை அவர் கைவிடவில்லை. பனியனிடம் இருப்பது ஒரு தகரத் தொழிலாளியின் சந்தை ஆங்கிலம். அவர் காட்டும் பாதையில் நாய் குரைக்கும், செருப்பில் சேறு ஒட்டும். கிருஷ்ணபிள்ளையிடம் வரும்போது அந்தப் பாதை விருத்தத்தின் ஓசைக்குள் ஏறிவிடுகிறது. நாடும் சோலையும் வயலும் வருணனைகளாக விரிகின்றன. ‘ஆரணிய பருவம்’ என்று பெயர் வைத்த இடத்தில், வாசகர் மனத்தில் இராமன் நடந்த காடு தானாகவே எழுகிறது.

இந்த இடத்தில் காப்பியத்துக்குள் ஒரு முரண் நுழைகிறது. கம்பனின் காட்டு நடை நாடு கடத்தப்பட்டவனின் நடை. இராமனோடு மனைவி போகிறாள், தம்பி போகிறான். அயோத்தி மக்களும் ஒரு தூரம் பின்னால் போகிறார்கள். பனியனின் மனிதனோ குடும்பத்தின் கூக்குரலுக்குக் காதை அடைத்துக்கொண்டு போகிறவன். பலரும் சேர்ந்து போகும் காட்டை நினைவூட்டும் ஓசையிலே, தனி ஆன்மா ஒன்றின் பயணத்தைச் சொல்கிறார் கிருஷ்ணபிள்ளை. கால் தனியே நடக்கிறது, ஓசை கூட்டத்தோடு நடக்கிறது. காப்பியத்தை நெடுநேரம் தொடர்ந்து வாசிக்கும்போது வரும் களைப்புக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். பாதை நீண்டுகொண்டே போகிறது. நடப்பவனின் உடம்பு நமக்குத் தெரியவில்லை. கால் கொப்புளம் இல்லை, தாகம் இல்லை, இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி இல்லை.

இரண்டாவது காரியம் இதற்கு மாறானது. படலங்களுக்கு இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரில் இசைப்பாடல்களை அவர் சேர்த்தார். சைவர்களின் திருமுறைக்குரிய பெயரை ஒரு கிறிஸ்தவக் காப்பியத்துக்குள் வைப்பது துணிவான செயல். அந்தப் பெயர் தன்னோடு ஒரு நடையையும் கொண்டுவருகிறது. தேவாரம் பாடிய மூவரும் ஊர் ஊராக நடந்தவர்கள். பதிகங்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரின் கோயிலைப் பாடியவை. கயிலைக்குப் போகும் வழியில் அப்பரின் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்த கதையைச் சேக்கிழார் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடம்பால் நடந்த அந்த மரபு, உடம்பை மறந்த ஓர் உருவகத்துக்குள் பாட்டாகத் திரும்பி வருகிறது. காப்பியத்தின் உயிர் இந்தப் பாடல்களில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. தேவாலயங்களிலும் குடும்ப ஜெபங்களிலும் வாயாரப் பாடுவதற்கு உகந்தவையும் இவைதாம்.

*

பனியனின் யாத்திரிகனுக்கு உடம்பு அவ்வளவாக முக்கியமில்லாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சீர்திருத்தக் கிறிஸ்தவம் யாத்திரையை ஒழித்த மதம். புனிதர்களின் எலும்பைத் தேடி நடப்பதால் பாவம் தீராது என்று அது போதித்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538இல், வால்சிங்ஹம் மாதா திருத்தலம் அழிக்கப்பட்டது. அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த பனியனின் நூலில் யாத்திரிகன் இருக்கிறான். போய்ச்சேரத் திருத்தலம் இல்லை. தடைசெய்யப்பட்ட நடை உருவகமாகிவிட்டது. திருநெல்வேலி மிஷன் வழியாகக் கிருஷ்ணபிள்ளைக்கு வந்தது இந்த யாத்திரைதான். அதே காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் நேர்த்தி வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நடைகளை அவருடைய காப்பியம் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இன்று பனியனின் வாரிசுகளான சுவிசேஷ சபையினரும் கமினோவில் நடக்கிறார்கள். புனித யாக்கோபின் எலும்பு இருப்பதாக மத்திய கால ஐரோப்பா நம்பிய சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலாவை நோக்கிப் போகும் பாதை அது. பிரெஞ்சுப் பாதை என்று சொல்லப்படும் புகழ்பெற்ற வழி ஏறத்தாழ 780 கிலோமீற்றர். 2024இல் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் சந்தியாகோ யாத்திரிகர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் பெற்றார்கள். அவர்களில் பக்தர்களும் இருந்தார்கள், பக்தி இல்லாதவர்களும் இருந்தார்கள். தேடித் திரிகிறவர்கள் கூடும் இடம் என்பதால் மிஷன் குழுக்களும் அங்கே போகின்றன. தங்கும் விடுதிகளில் தண்ணீரும் தேநீரும் கொடுத்து, கேட்பவர்களோடு கதைத்து, பிறகு தாமும் நடப்பது அவர்களின் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போன அப்படியொரு குழுவோடு, சாரியாவிலிருந்து சந்தியாகோ வரை, கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை நானும் நடந்தேன். பன்னிரண்டு பேர். பெரும்பாலும் இங்கே பிறந்த இளையவர்கள். எங்களோடு அறுபதைத் தாண்டிய ஓர் அன்ரியும் வந்தா. கமினோவில் நடப்பவர்கள் கையில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். கடவுச்சீட்டைப் போல மடித்தது. போகும் ஊர்களின் தேவாலயத்திலும் தேநீர்க்கடையிலும் அதில் முத்திரை குத்துவார்கள். கடைசி நூறு கிலோமீற்றருக்கு நாளொன்றுக்கு இரண்டு முத்திரை வேண்டும் என்பது அப்போதைய விதி. பாலாஸ் தெ ரேய் ஊரைக் கடந்து நடக்கும்போது ஒரு பெடியன் கேட்டான்: “அன்ரி, கால் நோகேல்லையோ?”

“நோகுதுதான். ஆனா இஞ்ச ஒவ்வொரு ஊரிலயும் வாங்கோ எண்டு கூப்பிட்டு முத்திரை குத்துகினம். வன்னியால வெளிக்கிடப் பாஸ் எடுக்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது, பிள்ளை.”

“என்ன பாஸ், அன்ரி?”

அவ சொல்லத் தொடங்கினா. முகாம், விண்ணப்பம், பிணைக்கு நின்றவர், நாள் தள்ளிப்போனது. பெடியன் நடுவில் எதுவும் கேட்கவில்லை. அன்றிரவு ஜெபக்கூட்டத்தில் ‘இந்த நடையில் ஆண்டவர் எனக்குக் காட்டியது’ என்று ஒவ்வொருவரும் சாட்சி சொன்னார்கள். இளையவர்கள் அழகாகச் சொன்னார்கள். அன்ரியின் முறை வந்ததும், “நல்ல பாதை, நல்ல சனம்,” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டா.

இதை இங்கே சொல்வது ஓர் இலக்கியக் காரணத்துக்காக. சாட்சி என்பது ஒரு வடிவம். இருளில் இருந்தேன், அழைப்பு வந்தது, நடந்தேன், மாறினேன் என்ற நாலு படி அதற்கு உண்டு. பனியனிடமிருந்து மிஷன் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம் அது. கமினோ நூல்கள் கடவுளைக் கழித்துவிட்டு அதையே வைத்திருக்கின்றன. பகலில் வழியிலே அந்த அன்ரி சொன்னதற்கு அந்த நாலு படியில் இடமில்லை. அவ நடந்த பழைய நடைக்கு அழைப்பு இருக்கவில்லை, எறிகணைதான் இருந்தது. நடந்து முடித்ததும் வாழ்க்கைக்கு அர்த்தம் பிறக்கவில்லை, இன்னொரு முகாம் வந்தது. வடிவம் இல்லாததால் இரவில் அவவிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

*

இருந்தும் பனியனை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த அன்ரியின் பாஸுக்கு ஈடான ஒன்று அவருடைய நூலின் மையத்திலேயே இருக்கிறது.

பனியனின் யாத்திரிகனுக்கு வழியில் ஒரு சுருள் தரப்படுகிறது. முத்திரையிட்ட சுருள். வானகரத்தின் வாசலில் கொடுக்க வேண்டியது. மலையில் களைத்துத் தூங்கும்போது அதைத் தவறவிடுகிறான். அழுதுகொண்டு திரும்பிப்போய் எடுத்து வருகிறான். அடுத்து ஒரு மாளிகையில் தங்க இடம் கேட்கிறான். உள்ளே விடுவதற்கு முன் விசாரிக்கிறார்கள். எங்கிருந்து வருகிறாய், பெயர் என்ன, எந்த வழியால் வந்தாய், வழியில் என்ன கண்டாய். கடைசியில் ‘அன்பு’ என்ற பெயருடைய பெண் கேட்கிறாள்: மணமானவனா, மனைவி பிள்ளைகளை ஏன் கூட்டி வரவில்லை? அவன் அழுகிறான். அகதி விசாரணைக்கு முன்னால் இருந்த எவருக்கும் இந்தக் கேள்விகளின் வரிசை தெரியும். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அது குறிப்பேட்டில் ஏறும் என்பதும் தெரியும்.

நூலின் முடிவைப் பாருங்கள். யாத்திரிகனும் அவனுடைய தோழனும் ஆற்றில் இறங்கி, மூழ்கித் தத்தளித்து, அக்கரை ஏறி, வாசலில் தங்கள் சீட்டைக் கொடுத்து உள்ளே போகிறார்கள். எக்காளம் ஒலிக்கிறது. கதை அதோடு முடியவில்லை. பின்னால் ஓர் இளைஞன் வருகிறான். ‘அறியாமை’ என்று பெயர். அவன் முறையான வாசலால் இந்தப் பாதைக்கு வந்தவன் அல்லன். தன் நாட்டிலிருந்து வரும் ஒரு வளைந்த ஒழுங்கையால் வந்து சேர்ந்தவன். ஆற்றை அவன் நீந்தவில்லை. ‘வீண் நம்பிக்கை’ என்ற ஓடக்காரன் படகில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறான். வாசலில் சீட்டைக் கேட்கிறார்கள். நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவுகிறான், அகப்படவில்லை. கையும் காலும் கட்டப்பட்டு, மலையடிவாரத்தில் நரகத்துக்குப் போகும் கதவுக்குள் தள்ளப்படுகிறான். வானகரத்தின் வாசலிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி இருப்பதைக் கண்டதோடு கனவு கலைகிறது.

இறையியலாளர்கள் இதற்குத் தெளிவான விளக்கம் வைத்திருக்கிறார்கள். அவன் கிருபையை நம்பாமல் தன் நற்செயலை நம்பினான், அதனால் தள்ளப்பட்டான். அந்த விளக்கத்தோடு எனக்குத் தர்க்கமில்லை. ஆனால் ஒரு நூல் எந்தக் கைகளுக்குப் போய்ச் சேர்கிறதோ அந்தக் கைகளின் நினைவோடுதான் வாசிக்கப்படும். 1986 ஆகஸ்ற் 11இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். 2010 ஆகஸ்றில் ‘சன் சீ’ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். வளைந்த ஒழுங்கையால் வந்தவர்கள், படகால் வந்தவர்கள், வாசலில் நெஞ்சுப் பையைத் துழாவியவர்கள். பனியன் நரகத்துக்கு அனுப்பிய இளைஞனின் பக்கம் நின்று அந்தக் காட்சியை வாசிக்கிற உரிமை எங்கள் சமூகத்துக்கு இருக்கிறது. அப்படி வாசிக்கும்போது நூல் சிறுத்துப் போவதில்லை. அதன் கொடூரம் முதன்முறையாகத் தெரிகிறது.

பனியனே சீட்டில்லாதவராக இருந்தவர் என்பது இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று சொன்னால் விடுதலை, அவர் சொல்லவில்லை. அரசின் சீட்டை மறுத்து உள்ளே போனவர், விண்ணகத்தின் சீட்டை இவ்வளவு கறாராகக் கேட்கிறார்.

*

பனியன் சிறையிலிருந்த அதே ஆண்டுகளில் ஈழத்தில் ஒரு நடை நிகழ்ந்தது. 1670ஆம் ஆண்டளவில், கல்வினிய ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்குத் தப்பி, மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சிலையைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கினார்கள் என்பது மடுத் திருத்தலத்தின் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். பனியனின் மதத்துக்கு உறவான மதம் ஒன்றின் ஆட்சிதான் அவர்களைத் துரத்தியது. மடு முதலில் அகதிகளின் இடம். யாத்திரிகர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ஆவணித் திருவிழாவுக்கு வண்டில் கட்டிப் போய், காட்டில் கொட்டில் போட்டு, மரத்தடியில் சமைத்துத் தங்கும் வழக்கத்தில் அந்த முதல் தங்கலின் சாயல் இருக்கிறது. சைவர்களும் போவார்கள், சிங்களவரும் வருவார்கள்.

பிறகு அது மறுபடி அகதிகளின் இடமானது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆலய வளவில் அடைக்கலம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அந்த வளவுக்குள்ளேயே எறிகணை விழுந்து மக்கள் கொல்லப்பட்டார்கள். 2008 ஏப்பிரலில் குருமார் சிலையைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். இடம்பெயர்ந்து வந்த மாதா மீண்டும் இடம்பெயர்ந்தா. யாத்திரையும் இடப்பெயர்வும் ஒரே பாதையை மாறி மாறிப் பாவித்த கதை இது. இதைவிட வலுவான உருவகம் பனியனிடம் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே 150 கிலோமீற்றர் அளவில் உள்ள மிட்லாண்ட் மறைசாட்சியர் திருத்தலத்துக்கு எங்கள் கத்தோலிக்கர் கோடையில் பேருந்துகளிலும் கார்களிலும் போகிறார்கள். போலந்து வம்சாவளியினர் அதே இடத்துக்கு ஆகஸ்றில் பல நாள் நடந்தே வருகிறார்கள். அங்கே நினைவுகூரப்படுபவர்கள் ஜோன் டி ப்ரபெஃப் முதலிய இயேசு சபைத் துறவிகள். அவர்களும் ஒரு மிஷன் குழுவினர். வெண்டாட் மக்களின் நாட்டில் 1639இல் சென்-மரி என்ற நிலையத்தை அமைத்தார்கள். 1649 மார்ச்சில் ப்ரபெஃபும் காப்ரியேல் லலமோவும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் துறவிகள் தங்கள் நிலையத்தைத் தாங்களே எரித்துவிட்டு, எஞ்சிய வெண்டாட் மக்களோடு ஒரு தீவுக்குப் போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பட்டினியால் சனம் செத்தது. 1650இல் சில நூறு பேர் கியூபெக்குக்குப் போய்ச்சேர்ந்தார்கள்.

துறவிகளின் இரத்தம் திருத்தலமானது. 1926இல் ஆலயம் கட்டப்பட்டது. 1930இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கொள்ளைநோயாலும் போராலும் நாடிழந்த வெண்டாட் மக்கள் அந்தக் கதையில் நெடுங்காலம் பின்னணியாகவே இருந்தார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 யூலையில் கனடாவுக்கு வந்தபோது அதைத் தவ யாத்திரை என்று சொன்னார். வதிவிடப் பாடசாலைகளில் நடந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்க வந்த யாத்திரை. நாடிழந்து வந்த நாங்கள், நாடிழந்தவர்களின் நிலத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். மிட்லாண்ட் பற்றித் தமிழில் எழுதப்போகிறவர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

*

இதற்கான முன்மாதிரி தமிழில் இல்லாமல் இல்லை. கிருஷ்ணபிள்ளைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால், 1726இல், வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யை முடித்தார். அதன் தலைவர் சூசை. கொலைக்கு அஞ்சி, கைக்குழந்தையோடும் மரியாளோடும் இரவில் புறப்பட்டு எகிப்துக்கு நடக்கும் பயணம் அக்காப்பியத்தில் விரிவாக வருகிறது. தமிழின் கிறிஸ்தவக் காப்பியங்களில் முதல் நெடுநடை ஓர் அகதிக் குடும்பத்தின் நடை. குழந்தைக்கு நிழல் தேடுவது, பாலை வெயில், அந்நிய நாட்டில் தச்சுத் தொழில் செய்து பிழைப்பது எல்லாம் அங்கே இருக்கின்றன. அணிகள் மிகுந்த நடைதான். ஆனாலும் அந்த அணிகளுக்குக் கீழே உடம்புகள் இருக்கின்றன. எங்கள் வாசிப்பில் கிருஷ்ணபிள்ளையைவிட வீரமாமுனிவர் நெருக்கமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

இன்னும் பின்னால் போனால் ஆற்றுப்படை இருக்கிறது. போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்லும் வடிவம். மலைபடுகடாம் பொறி வைத்த இடத்தையும், தினைக்காவலர் எறியும் கவண்கல்லையும், வழுக்கும் பாறையையும் சொல்லி எச்சரிக்கிறது. எங்கே சோறு கிடைக்கும் என்றும் சொல்கிறது. தன்னைக் கண்டடைந்த கதையை அது சொல்வதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் சனம் இந்த வடிவத்தை வாய்மொழியாகப் பாவித்தது. மொஸ்கோவில் யாரைப் பார்ப்பது, எந்த எல்லையில் இரவில் நடப்பது, எந்த விமான நிலையத்தில் எதைக் கிழித்துப் போடுவது. தொலைபேசியில், சமையலறையில், ஒருவர் மற்றவருக்குச் சொன்ன ஆற்றுப்படை. அதைச் சொன்னவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இடப்பெயர்வு பற்றிய எங்கள் கவிதைகளும் கதைகளும் இழப்பை நன்றாக எழுதியிருக்கின்றன. வழியை, அதன் தூரத்தையும் சோற்றையும் தாளையும் முத்திரையையும், இன்னும் விரிவாக எழுத இடமிருக்கிறது.

கடைசியாகப் பனியனுக்கே திரும்புகிறேன். 1684இல் அவர் தன் நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதினார். முதற் பாகத்தில் கைவிடப்பட்ட மனைவி கிறிஸ்தியானா, நான்கு பிள்ளைகளோடும் அயல்வீட்டுப் பெண்ணோடும் அதே பாதையில் புறப்படுகிறாள். ‘இரட்சணிய யாத்திரிகம்’ தழுவியது முதற் பாகத்தின் பாதையை. விமர்சகர்களும் இரண்டாம் பாகத்தைத் தளர்ந்த படைப்பென்று ஒதுக்குவது வழக்கம். அது தளர்வானதுதான், ஏனென்றால் பிள்ளைகளின் வேகத்தில் நடக்கிறது. வழியில் ஊன்றுகோலோடு ஒருவர் சேர்கிறார், மனம் சோர்ந்த ஒருவர் சேர்கிறார். அவர்களுக்காக எல்லோரும் காத்து நிற்கிறார்கள். பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் மருத்துவரைத் தேடுகிறார்கள். முன்னே போனவன் பட்ட இடங்களைக் காட்டி, இங்கே கவனம் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போகிறார். கிட்டத்தட்ட ஓர் ஆற்றுப்படை. ஆற்றங்கரையில் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் தள்ளப்படுவதில்லை.

முடிவில் கிறிஸ்தியானா ஆற்றைக் கடந்து போகிறாள். பிள்ளைகள் அவளோடு போகவில்லை. அவர்கள் தங்கள் குடும்பங்களோடு இக்கரையில், வந்துசேர்ந்த அந்த நாட்டிலேயே, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்லக்கூடும் என்று கதைசொல்லி விடைபெறுகிறார். அந்தப் பாகத்தைப் பனியன் எழுதவில்லை.